மோதலும் கவிழ்தலும்: கார்களின் பாதுகாப்பு நட்சத்திரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வரும் உறவினர்களும் நண்பர்களும் சில ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்டு வருகிறார்கள். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. ஆகவே இந்தச் சந்தேகங்களுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

இந்த ஸ்டார் எல்லாம் யாரு குடுக்கறாங்க? கம்பெனியே போட்டுக்கறதா?

இல்லை. காரை மோதிப் பார்த்து மதிப்பெண் தருவது உற்பத்தியாளருக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இதை 1970-களின் இறுதியில் தொடங்கியது. மக்களுக்குப் புரியும்படி நட்சத்திரங்களாகச் சொல்லும் வழக்கம் 1994 மாடல் கார்களிலிருந்து வந்தது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் தன் முதல் முடிவுகளை 1997-இல் வெளியிட்டது. என்கேப் என்பது புதிய கார்களை மதிப்பிடும் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்.

இந்தியக் கார்களைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது 2014-இல். குளோபல் என்கேப் என்ற அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்து கார்களின் ஏர்பேக் இல்லாத வகைகளை மோதிப் பார்த்தபோது ஐந்தும் பூஜ்ய நட்சத்திரமே பெற்றன. அதே போலோவின் இரண்டு ஏர்பேக் உள்ள வகை நான்கு நட்சத்திரம் பெற்றது. நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் 2023 ஆகஸ்ட் 22 அன்று அறிமுகமாகி, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏஐஎஸ்-197 என்பது அதன் விதிநூல். ஓட்டுநர் தவிர எட்டுப் பேர் வரை அமரக்கூடிய, மொத்த எடை 3.5 டன்னுக்கு மிகாத வண்டிகள் அதன் கீழ் வரும். அவ்வாண்டு டிசம்பரில் டாடா ஹாரியரும் சஃபாரியும் ஐந்து நட்சத்திரத்துடன் அதன் முதல் முடிவுகளாக வெளிவந்தன.

கவர்மென்ட் பாஸ் பண்ணின வண்டிதானே ரோட்டுக்கு வருது? அப்புறம் தனியா எதுக்கு ரேட்டிங்?

அரசு அனுமதி என்பது தேர்ச்சி மதிப்பெண். நட்சத்திரம் என்பது தரவரிசை. இந்தியாவில் விற்கும் கார்கள் மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் முன்பக்க மோதல் சோதனையையும், 50 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டு மோதல் சோதனையையும் கடந்தாக வேண்டும். புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபர் முதலும், எல்லா மாடல்களுக்கும் 2019 அக்டோபர் முதலும் இது கட்டாயம்.

பாரத் என்கேப் சோதனையில் முன்பக்க மோதல் 64 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. வித்தியாசம் எட்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாக உயர்வதால், 56-இல் உள்ளதைவிட 64-இல் ஏறத்தாழ 30 சதவீதம் அதிக ஆற்றலை வண்டியின் கூடு உள்வாங்க வேண்டும். அனுமதி பெற்ற இரண்டு வண்டிகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பது இந்தக் கூடுதல் சுமையில்தான் வெளிப்படுகிறது.

எப்படித்தான் மோதிப் பாக்கறாங்க?

பாரத் என்கேப்பில் மோதல்கள் மூன்று. முதலாவதில், கார் 64 கி.மீ. வேகத்தில் ஓடி, தேன்கூடு போன்ற அலுமினியத்தாலான ஒரு தடுப்பில் மோதும். முழு அகலமும் மோதாது. ஓட்டுநர் பக்கமாக 40 சதவீத அகலம் மட்டுமே படும். இருவழிச் சாலையில் முந்தும்போது எதிரே வரும் வண்டியுடன் பாதி முகத்தால் மோதிக்கொள்ளும் விபத்தைப் போன்றது இது. இரண்டாவதில், நின்றிருக்கும் காரின் பக்கவாட்டில் 950 கிலோ எடையுள்ள தள்ளுவண்டி 50 கி.மீ. வேகத்தில் வந்து இடிக்கும். மூன்றாவதில், கார் 29 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டாகச் சென்று ஒரு கம்பத்தில் மோதும். சறுக்கிப் போய்ப் புளியமரத்தில் கதவு மோதுவதை நினைத்துக்கொள்ளலாம். வேகம் குறைவாகத் தெரிந்தாலும், தலைக்கு மிகக் கொடியது இந்த மூன்றாவது மோதலே. கம்பம் ஒரே இடத்தில், பெரும்பாலும் தலைக்கு நேராக, உள்ளே நுழைகிறது.

புனே, மானேசர் போன்ற இடங்களில் இதற்கான கூடங்கள் உள்ளன. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் இருக்கும் வாகன ஆய்வு மையமும் இந்த வகை வசதிகளுக்காகவே கட்டப்பட்டது.

உள்ள பொம்மைதானே இருக்கு? அதுக்கு அடிபட்டா நட்சத்திரம் எப்படிக் கணக்காகுது?

அந்தப் பொம்மை ஓர் அளவுகருவி. முன்பக்க மோதலில் ஓட்டுநர் இடத்தில் அமரும் பொம்மை ஏறக்குறைய 78 கிலோ எடையுள்ள நடுத்தர ஆணின் உடலைப் போலச் செய்யப்பட்டது. பின் இருக்கையில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் அளவில் இரண்டு பொம்மைகள் குழந்தை இருக்கைகளில் கட்டப்பட்டிருக்கும். தலை எவ்வளவு கடுமையாக உலுக்கப்பட்டது, மார்புக்கூடு எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியது, தொடை எலும்பில் எவ்வளவு விசை ஏறியது என்பவற்றை அவற்றினுள் இருக்கும் உணரிகள் பதிவு செய்கின்றன. முடிவுப் படத்தில் உடலின் பகுதிகள் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, சிவப்பு என நிறமிடப்பட்டிருப்பது இந்த அளவுகளின்படிதான். நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் அந்தப் படத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். மொத்த மதிப்பெண் நன்றாக இருந்தும் ஓட்டுநரின் மார்பு ஆரஞ்சில் இருக்கும் கார்கள் உண்டு.

பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32 மதிப்பெண். இதில் முன்பக்க மோதலுக்கு 16, பக்கவாட்டு மோதலுக்கு 16. குழந்தைகள் பாதுகாப்புக்கு 49; மோதலில் பெறுவது 24, குழந்தை இருக்கைகள் எவ்வளவு சரியாகப் பொருந்துகின்றன என்பதற்கு 12, வண்டியிலுள்ள வசதிகளுக்கு 13. ஐந்து நட்சத்திரத்துக்குப் பெரியவர் பிரிவில் 27-உம் குழந்தைகள் பிரிவில் 41-உம் தேவை. நான்குக்கு 22-உம் 35-உம். இரண்டு பிரிவுக்கும் நட்சத்திரம் தனித்தனி என்பதால், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் ஐந்து எந்தப் பிரிவுக்கு உரியது என்று பார்க்க வேண்டும். மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வேண்டுமானால் மதிப்பெண் மட்டும் போதாது. கம்ப மோதலைக் கடக்க வேண்டும். வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி, முன் இருக்கைகளுக்கு பெல்ட் நினைவூட்டி, பாதசாரிகளைக் கருதிய முன்பக்க வடிவமைப்பு ஆகியவையும் இருக்க வேண்டும்.

வீடியோல முன்பக்கம் அப்பளமா நொறுங்குது, அதுக்குப் போய் அஞ்சு ஸ்டாரா? பழைய காலத்து வண்டி தகரம் எவ்வளவு கனம்!

முன்பக்கம் நொறுங்க வேண்டும் என்றே அப்படிக் கட்டப்படுகிறது. மோதலில் வண்டி நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம் எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவுக்கு உள்ளிருப்பவரின் உடலில் ஏறும் விசை குறையும். பானட்டுக்கு அடியில் இருக்கும் நீண்ட சட்டங்கள் மடிந்து மடிந்து ஆற்றலைத் தின்ன, ஆட்கள் இருக்கும் கூடு மட்டும் உருக்குலையாமல் நிற்க வேண்டும். வீடியோவில் பார்க்க வேண்டியவை கதவுச் சட்டம் வளைந்ததா, முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் பின்னால் வந்ததா, மோதிய பிறகு கதவு கையால் திறந்ததா என்பவையே. முடிவறிக்கையில் கூடு நிலையாக இருந்தது அல்லது நிலைகுலைந்தது என்று வரும் வரி இதைத்தான் சொல்கிறது.

கனத்த தகரம் பற்றிய நம்பிக்கைக்கு நல்ல விடை 2009-இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்புக் கழகம் நடத்திய சோதனை. 1959-ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏரையும் 2009-ஆம் ஆண்டின் செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பழைய காரின் உள்கூடு ஓட்டுநர் மேல் சரிந்தது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரின் பொம்மைக்குக் காலில் சிறு காயம் ஏற்பட்டிருக்கலாம் என்ற அளவோடு போயிற்று. விரல் நகத்தால் கதவுத் தகரத்தைத் தட்டிப் பார்த்து பாதுகாப்பைத் தீர்மானிப்பதை நாம் விட்டுவிட வேண்டும். வெளித்தகரம் பெரும்பாலும் மூடுதுணி. எலும்பு உள்ளே இருக்கிறது.

64 கிலோமீட்டர் ஸ்பீடு தானே? நாங்க பைபாஸ்ல நூறுல போறோம். அப்ப இந்த ரேட்டிங்குக்கு என்ன மதிப்பு?

64 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் மேலிருந்து, விழுவதற்குச் சமம். 100 கி.மீ.யில் அதே கணக்கில் ஆற்றல் ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. ஐந்து நட்சத்திரக் கார் அந்த மோதலுக்காக வடிவமைக்கப்படவில்லை. அதில் உயிர் பிழைப்பதற்கு எந்த நட்சத்திரமும் உறுதி தரவில்லை.

இருந்தாலும் மதிப்பீடு பயனற்றதாகிவிடாது. நூறில் போகும் ஓட்டுநர் பெரும்பாலும் மோதுவதற்கு முன் பிரேக்கை மிதிக்கிறார். மோதும் கணத்தில் வேகம் குறைந்திருக்கும். அந்தக் குறைந்த வேகத்தில் எந்தக் கூடு நிற்கும், எது மடியும் என்பதையே சோதனை காட்டுகிறது.

எதிரெதிரா ரெண்டு காரும் 64-ல வந்தா மொத்தம் 128 ஆச்சே, அப்ப டெஸ்ட்டைவிட ரெண்டு மடங்குதானே?

இரண்டும் ஒரே எடையாக இருந்தால் அப்படி இல்லை. இரண்டும் ஒன்றையொன்று நிறுத்திக்கொள்கின்றன. ஒவ்வொரு காரும் தன் 64 கி.மீ. வேகத்தைத்தான் இழக்கிறது. அசையாத சுவரில் 64-இல் மோதியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எதிரே வருவது கனமான வண்டியாக இருந்தால் கணக்கு மாறிவிடும். அது அடுத்த விடையில்.

சின்ன கார் அஞ்சு ஸ்டார், பெரிய கார் மூணு ஸ்டார். எது சேஃப்?

நேரான ஒரு சொல்லில் விடை இல்லாத கேள்வி இது. முன்பக்கச் சோதனையில் கார் மோதுவது ஒரு தடுப்பில். ஆகவே ஒவ்வொரு கார்க்கும் தன் எடையே எதிரி. சாலையில் எதிரே வருவது இன்னொரு வண்டி. 900 கிலோ காரும் 1,800 கிலோ காரும் ஆளுக்கு 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டன என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து கனமான காரின் திசையில் சுமார் 17 கி.மீ. வேகத்தில் நகரும். கனமான காருக்கு வேக இழப்பு 33 கி.மீ.; சிறிய காருக்கோ, பின்னோக்கித் தள்ளப்படுவதால், மாற்றம் 67 கி.மீ. அடி யாருக்கு அதிகம் என்பது தெளிவு. அதனாலேயே அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், முன்பக்க மோதல் நட்சத்திரங்களை ஏறக்குறைய 113 கிலோவுக்குள் எடை வேறுபாடு உள்ள வண்டிகளுக்கு இடையே மட்டுமே ஒப்பிடச் சொல்கிறது. 2020 முதல் யூரோ என்கேப் 1,400 கிலோ தள்ளுவண்டியையும் காரையும் ஆளுக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதவிட்டு, எதிரிக்கு அதிகச் சேதம் விளைவிக்கும் கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

இதனால் பெரிய கார் எப்படியிருந்தாலும் நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. நிலைகுலையும் கூட்டை உடைய பெரிய கார், தனியாகச் சென்று மரத்தில் மோதும்போது, அதன் எடையே அதற்குப் பகையாகிறது. ஒத்த எடைக்குள் நட்சத்திரம் அதிகமானதைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் ஆலோசனை.

ஆறு ஏர்பேக் இருக்கே, பெல்ட் போடணுமா? பின்னாடி உக்காந்தா வேண்டாம்ல?

முன்னாலும் பின்னாலும் பெல்ட் வேண்டும். ஏர்பேக் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள், கண் இமைப்பதைவிட விரைவாக விரிகிறது. பெல்ட் உடலைப் பிடித்து வைத்திருக்கும் என்ற கணக்கில்தான் அதன் இடமும் நேரமும் அமைக்கப்பட்டிருக்கின்றன. பெல்ட் இல்லாமல் முன்னே பாயும் உடல், விரிந்துகொண்டிருக்கும் பையின் மேல் விழுந்தால் பையே காயப்படுத்தும். இதுவரை சொன்ன மதிப்பெண்களெல்லாம் பெல்ட் கட்டிய பொம்மைகள் பெற்றவை. பெல்ட் கட்டாதவருக்கு அந்த நட்சத்திரம் பொருந்தாது.

பின் இருக்கையில் பெல்ட் அணியாதவர் தனக்கு மட்டுமல்ல, தனக்கு முன்னால் அமர்ந்திருப்பவருக்கும் ஆபத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடுமையான மோதலில் உடல் புவியீர்ப்பைப்போல் முப்பது மடங்கு வேகக்குறைப்பை எளிதில் சந்திக்கும். பத்துக் கிலோ குழந்தை அந்தக் கணத்தில் முந்நூறு கிலோ எடையாகத் தாயின் கையிலிருந்து இழுபடும். எந்தத் தாயின் பிடியும் அதைத் தாங்காது. குழந்தை இருக்கைக்குச் செலவழியுங்கள். பாட்டு கேட்கும் பெட்டிக்கு அப்புறம் செலவழிக்கலாம்.

எஸ்யூவி உயரமா, கெத்தா இருக்கே. அது கவிழுமா என்ன?

உயரம்தான் கவிழ்வதற்குக் காரணம். பக்கவாட்டில் வண்டியைச் சாய்க்கும் விசை அதன் எடைமையத்தில் செயல்படுகிறது. அதை எதிர்ப்பது சக்கரங்களின் அகலம். வலது, இடது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை, எடைமையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை அமெரிக்கர்கள் நிலைத்தன்மைக் காரணியாகக் கொள்கிறார்கள். சக்கர இடைவெளி 150 செ.மீ., எடைமைய உயரம் 54 செ.மீ. கொண்ட ஒரு செடானுக்கு அது ஏறத்தாழ 1.39. அதே இடைவெளியும் 67 செ.மீ. உயரமும் கொண்ட ஓர் எஸ்யூவிக்கு 1.12. பொதுவாகக் கார்கள் 1.3-க்கும் 1.5-க்கும் இடையிலும், எஸ்யூவி, வேன், பிக்கப் வகைகள் 1.0-க்கும் 1.3-க்கும் இடையிலும் இருக்கும்.

உயரமான இருக்கையிலிருந்து சாலை நன்றாகத் தெரிவது உண்மை. அந்தத் தெளிவு தரும் தைரியத்தில் வளைவுகளை வேகமாக எடுப்பதும் உண்மை. இந்த இரண்டும் சேர்வதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கவிழறதுக்குன்னு தனியா ஸ்டார் இருக்கா?

அமெரிக்காவில் உண்டு, 2001 மாடல் வண்டிகளிலிருந்து தருகிறார்கள். தொடக்கத்தில் மேலே சொன்ன காரணி மட்டுமே அளவாக இருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை ஓடும்போதே பிய்ந்து, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிகள் பல கவிழ்ந்து, 270-க்கும் மேற்பட்டோர் இறந்த விவகாரம் அந்நாட்டை உலுக்கியது. அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், வண்டியை ஓட்டியும் சோதிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆகவே 2004 மாடல்களிலிருந்து தூண்டில்முள் சோதனை சேர்ந்தது. ஸ்டியரிங்கை இயந்திரம் திருப்பும். மணிக்கு 56 முதல் 80 கி.மீ. வரையிலான வேகங்களில் ஒரு பக்கம் சட்டென்று ஒடித்து, உடனே மறுபக்கம் ஒடிக்கும். சக்கரம் சாலையை விட்டு இறங்கியதும் பதறி எதிர்ப்புறம் திருப்பும் ஓட்டுநரின் செயலை அது அப்படியே செய்கிறது. ஒரு பக்கத்தின் இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஐந்து செ.மீ. எழும்பினால் வண்டி தூக்கிவிட்டது என்று கணக்கு.

இறுதியில் கிடைக்கும் நட்சத்திரம் ஒரு வாய்ப்பைச் சொல்கிறது. வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்து ஒன்று நேர்ந்துவிட்டால், அதில் இந்த வண்டி கவிழும் வாய்ப்பு 10 சதவீதத்துக்குள் என்றால் ஐந்து நட்சத்திரம். 10 முதல் 20 வரை நான்கு. 20 முதல் 30 வரை மூன்று. 30 முதல் 40 வரை இரண்டு. அதற்கு மேல் ஒன்று. எஸ்யூவிகளில் பல மூன்றிலோ நான்கிலோ நிற்பதற்குக் காரணம் இதுதான். முன்பக்க மோதலைப்போல் அல்லாமல், இந்த நட்சத்திரத்தை எந்த எடை வண்டியோடும் ஒப்பிடலாம்.

அப்ப அஞ்சு ஸ்டார் வாங்கின எஸ்யூவி நம்ம ஊர்ல கவிழாதுன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னிடம் வந்த கேள்விகளிலேயே மிக முக்கியமானதாக இதைக் கருதுகிறேன். பாரத் என்கேப்பிலும் குளோபல் என்கேப்பிலும் யூரோ என்கேப்பிலும் கவிழ்தலுக்கு மதிப்பெண் கிடையாது. அவற்றின் ஐந்து நட்சத்திரம் நேராகவும் பக்கவாட்டிலும் மோதும்போது என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை. அமெரிக்காவில் மொத்த நட்சத்திரத்தைக் கணக்கிடும்போது முன்பக்க மோதலுக்குப் பன்னிரண்டில் ஐந்து பங்கு, பக்கவாட்டுக்கு நான்கு, கவிழ்தலுக்கு மூன்று பங்கு என்று சேர்க்கிறார்கள். நம்மிடம் அந்த மூன்று பங்கு இல்லை.

கவிழ்தலைப் பொறுத்து இங்கே உள்ள காப்பு, முன்பு மதிப்பெண் விடையில் சொன்ன இஎஸ்சிதான். வண்டி திரும்ப வேண்டிய திசையும் உண்மையில் திரும்பும் திசையும் வேறுபடுவதைக் கண்டதும் அது தேவையான சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, சறுக்கலைத் தொடக்கத்திலேயே அடக்க முயல்கிறது. 1997-இல் மெர்சிடீஸ் ஏ-கிளாஸ், சுவீடன் பத்திரிகை ஒன்றின் சோதனையில், குறுக்கே வரும் விலங்கைத் தவிர்ப்பதுபோல் ஒடித்தபோது கவிழ்ந்தது. அந்நிறுவனம் விற்பனையை நிறுத்தி, இஎஸ்சியை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்தியது. சிறிய கார்களுக்கு அந்தக் கருவி வந்த வழி அது. அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்து அது கட்டாயம்.

இஎஸ்சி இருந்தா போதும்னா, அப்புறம் அந்தக் காரணிக்கு என்ன வேலை?

இஎஸ்சி வண்டியைச் சாலையில் வைத்திருக்க உதவுகிறது. சாலையை விட்டு இறங்கிய பிறகு அதனால் செய்யக்கூடியது குறைவு. அமெரிக்கக் கணக்கின்படி, தனி வண்டி கவிழ்ந்த விபத்துகளில் ஏறத்தாழ 95 சதவீதம் ஏதாவது தடுக்கிக் கவிழ்ந்தவை: மண் ஓரத்தில் சக்கரம் புதைவது, நடுத்திட்டின் விளிம்பில் இடிப்பது, பள்ளத்தின் சரிவில் இறங்குவது. தார்ச்சாலையின் விளிம்பு மண்ணைவிட அரையடி உயர்ந்து நிற்கும் நம் மாநிலச் சாலைகளில் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படித் தடுக்கும் கணத்தில் வண்டி நிற்குமா உருளுமா என்பதைத் தீர்மானிப்பதில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமே பெரும்பங்கு வகிக்கிறது.

பழனிக்கு ஏழு பேரா போறோம், லக்கேஜ் எல்லாம் மேல கேரியர்ல. அதனால என்ன ஆகிடும் அண்ணே?

மேலே கணக்கிட்ட அதே எஸ்யூவியை எடுத்துக்கொள்வோம்: 1,500 கிலோ, எடைமைய உயரம் 67 செ.மீ., காரணி 1.12. கூரைக் கேரியரில், தரையிலிருந்து 190 செ.மீ. உயரத்தில் 100 கிலோ ஏற்றினால் எடைமையம் ஏறத்தாழ 75 செ.மீ.க்கு உயரும், காரணி 1.00-க்கு இறங்கும். அமெரிக்க அளவுகோலில் அந்த வண்டி கடைசிப் படிக்கு வந்துவிடுகிறது. 100 கிலோ என்பது நான்கு பெரிய பெட்டிகள்தான். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகு, என் சித்தப்பா மலைப்பாதைக்கு முன்பே பெட்டிகளை இறக்கி இருக்கைகளுக்கு இடையில் வைக்க ஒப்புக்கொண்டார்.

கனமானவற்றைக் காலடியிலும் டிக்கியின் தரையிலும் வையுங்கள். மேலே போவது படுக்கை, துணிமூட்டை போன்ற இலேசானவையாக இருக்கட்டும். வண்டியின் கையேட்டில் கூரைக்கான எடை வரம்பு அச்சிட்டிருக்கும். புறப்படும் முன் டயரின் காற்றையும் பாருங்கள். ஃபயர்ஸ்டோன் விவகாரத்திலும் குறைந்த காற்றழுத்தம், சுமை, வெயில், வேகம் ஆகிய நான்கும் பெரிதாகப் பேசப்பட்டன.

கவிழ்ந்தே போனாலும் கூரை தாங்குமில்ல?

கூரையின் வலிமையும் தனியாக அளக்கப்படும் ஒன்று. அமெரிக்க விதி 2009-இல் திருத்தப்பட்டு, இலகுரக வண்டிகளின் கூரை வண்டியின் எடையைப்போல் மூன்று மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்றானது. மோதல் சோதனையில் நல்ல மதிப்பெண் பெற்ற கூடு கூரையிலும் உறுதியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நம்முடைய நட்சத்திரம் அதை அளந்து சொல்லவில்லை.

கவிழும் விபத்தில் உயிரைப் பறிப்பதில் கூரையைவிட முக்கியமானது வெளியே தூக்கி எறியப்படுவது. வண்டி உருளும்போது கதவு, சன்னல் வழியாக வெளியே விழுபவர் மேல் அதே வண்டி புரளக்கூடும். பெல்ட் அணிந்தவர் கூட்டுக்குள் இருப்பார்.

நின்னுட்டிருந்த லாரி பின்னாடி மோதினா அஞ்சு ஸ்டார் காப்பாத்துமா?

பல நேரம் காப்பாற்றாது. அப்பளம்போல் நொறுங்குவது பற்றிய விடையில் சொன்ன மடியும் சட்டங்கள் பம்பர் உயரத்தில் இருக்கின்றன. லாரியின் பின்பலகை அதற்கு மேலே இருப்பதால், சட்டங்கள் எதையும் தொடாமல் கார் அடியில் நுழைந்துவிடும்; மோதுவது முன்கண்ணாடியும் கூரையும்தான். இதைத் தடுக்க லாரியின் பின்னால் தாழ்வாகக் கட்ட வேண்டிய தடுப்புக்கு விதி இருக்கிறது. அது வளைந்தும் பிய்ந்தும் கிடக்கும் லாரிகளை எந்தப் பயணத்திலும் பார்க்கலாம். எந்த நட்சத்திரமும் இந்த மோதலைச் சோதிப்பதில்லை. இரவில் இடப்பக்க ஓரத்தில் பிரதிபலிப்பான் இல்லாமல் நிற்கும் வண்டிகளைக் கருதி வேகத்தைக் குறைப்பது தவிர இதற்குக் காருக்குள் காப்பு இல்லை.

முன்னாடி புல் பார் மாட்டினா இன்னும் ஸ்ட்ராங்தானே?

அல்ல. பம்பருக்கு முன்னால் பொருத்தும் அந்த இரும்புத் தடுப்பு மோதலின் விசையை மடியும் சட்டங்களுக்கு அனுப்பாமல் வேறு வழியில் திருப்புகிறது. ஏர்பேக்கின் உணரி பெறும் அதிர்வையும் மாற்றிவிடுகிறது. எதிரே இருக்கும் பாதசாரிக்கு அது இரும்புக் கழி. மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க மாநிலங்களைப் பணித்தது. இருக்கையின் பக்கவாட்டு ஏர்பேக்கை மூடும் சீட் கவர்களும் அதே வகைத் தவறு.

ஒரே கார், அங்க அஞ்சு ஸ்டார், இங்க ரெண்டு ஸ்டார்னு போட்டிருக்கே?

சோதனை நடந்த ஆண்டையும், எந்த அமைப்பு என்பதையும், எந்தச் சந்தைக்கான வண்டி என்பதையும் பாருங்கள். குளோபல் என்கேப் 2022 ஜூலைக்கு முன் இந்தியக் கார்களை முக்கியமாக முன்பக்க மோதலை வைத்தே மதிப்பிட்டது. அதன் பிறகு பக்கவாட்டு மோதல், இஎஸ்சி, பாதசாரி பாதுகாப்பு ஆகியவற்றையும் சேர்த்தது. 2018-இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் காரான நெக்ஸானின் அந்த ஐந்தும், இன்றைய ஐந்தும் ஒரே தேர்வின் மதிப்பெண்கள் அல்ல. ஐரோப்பாவில் இதற்குப் பாடம்போல் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 2005-இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற ஃபியட் புன்டோ, பெரிதாக மாறாமல் 2017 வரை விற்கப்பட்டு, அப்போது மீண்டும் சோதிக்கப்பட்டபோது பூஜ்யம் பெற்றது. கார் கெட்டுப்போகவில்லை, கேள்வித்தாள் கடினமானது.

பேஸ் மாடல் வாங்கறேன். எனக்கும் அதே ஸ்டார்தானா?

முடிவு அறிக்கையில் சோதிக்கப்பட்ட வகையின் பெயரும், அந்த முடிவு பொருந்தும் வகைகளின் பட்டியலும் இருக்கும். உங்கள் வகை அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள். போலோவின் 2014 முடிவை நினைவில் வையுங்கள். ஒரே பெயர், ஒரே கூடு, இரண்டு ஏர்பேக் வித்தியாசத்தில் பூஜ்யமும் நான்கும். விற்பனையாளர் வாய்ச்சொல்லாகச் சொல்வதை ஏற்காமல், அறிக்கையை அவர் முன்னாலேயே கைபேசியில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ரேட்டிங்கே இல்லாத காரை, இல்ல செகண்ட் ஹேண்ட் காரை எப்படிப் பாக்கறது?

பாரத் என்கேப் கட்டாயமல்ல. உற்பத்தியாளர் விரும்பினால் அனுப்பலாம். ஆகவே நட்சத்திரம் இல்லாத கார் மோசமானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நல்லது என்பதற்கும் சான்று இல்லை. இரண்டு கார்கள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் நான் சான்று உள்ளதையே எடுப்பேன்.

பழைய காரில் முதலில் பார்க்க வேண்டியவை இஎஸ்சி, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், குறைந்தது இரண்டு ஏர்பேக், எல்லா இருக்கைக்கும் மும்முனை பெல்ட். முன்பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமானது புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையிலிருந்த மாடல்களுக்கு அவ்வாண்டின் இறுதியிலும் என்பதால், அதற்கு முந்தைய வண்டியில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கலாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் அணையவே இல்லை என்றாலும் வாங்க வேண்டாம். பெரிய மோதலுக்குப் பிறகு முன்சட்டத்தை நிமிர்த்தி, பற்றவைத்து, பெயின்ட் அடித்த வண்டியாக இருந்தால், அது புதிதாக இருந்தபோது பெற்ற நட்சத்திரம் இப்போது அதற்குச் சொந்தமில்லை. பானட்டைத் திறந்து, இருபுறச் சட்டங்களிலும் ஆலை போட்ட புள்ளி வெல்டிங் ஒரே சீராக இருக்கிறதா என்று நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் வைத்துப் பாருங்கள்.

நாங்க காரே வாங்கல, பஸ்லயும் வேன்லயும்தான் போறோம். எங்களுக்கு ஸ்டார் இல்லையா?

இல்லை. நட்சத்திரம் பயணிகள் கார்களோடு நின்றுவிடுகிறது. பேருந்துகளின் மேற்கட்டுமானத்துக்கு ஏஐஎஸ்-031 என்ற விதி உண்டு. அது தழுவும் பன்னாட்டு முறைப்படி, பேருந்துக் கூட்டை ஒரு மேடையில் வைத்து மெல்லச் சாய்த்து, 80 செ.மீ. தாழ்வான தளத்தின் மேல் பக்கவாட்டாக விழவிடுவார்கள். விழுந்த பின் பயணிகள் இருக்கும் இடத்துக்குள் தூண்களோ கூரையோ நுழையக் கூடாது. அதில் கிடைப்பது தேர்ச்சியா தோல்வியா என்பது மட்டுமே. எந்தப் பேருந்து எவ்வளவு நன்றாகத் தேறியது என்று பயணிக்குச் சொல்லும் மதிப்பெண் இல்லை. காரைவிடப் பல மடங்கு மக்கள் பயணிக்கும் வண்டிகளுக்கு அது இல்லாதது பெரிய குறை என்றே நினைக்கிறேன். தனியார் பேருந்திலோ சுற்றுலா வேனிலோ ஏறியதும் அவசரக் கதவு எங்கே இருக்கிறது, அதன் முன்னால் இருக்கையோ மூட்டையோ வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருக்கையில் பெல்ட் இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். மேலே சாமான் மலையாக ஏற்றியிருந்தால், கவிழ்தல் கணக்கில் நான் காட்டிய எண்களைச் சொல்லி ஓட்டுநரிடம் இறக்கச் சொல்லுங்கள்.